மணி மட்டும் போதுமா?

திருவாரூர் அரண்மனை வாயிலில் சோழன் கட்டிவைத்த ஆராய்ச்சி மணியின் கதையை அறியாத தமிழ் மாணவர் இலர். கன்றை இழந்த பசு தன் கொம்பினால் அம்மணியை அசைத்தது. ஒலி மன்னன் செவியில் விழுந்தது. அவன் அரியணை விட்டிறங்கி வாயிலுக்கு வந்தான். குற்றம் புரிந்தவன் தன் மகன் என்றும் பாராது முறை செய்தான். வகுப்பறையில் இக்கதையைப் பயிலும்போது மன்னனின் நீதியுணர்வை வியந்து நாம் நின்றுவிடுகிறோம். ஆயின் அக்கதைக்குள் நான்கு செய்திகள் ஒருங்கே அமைந்திருப்பதைப் பலரும் நோக்குவதில்லை. மணி ஒன்று இருந்தது. அது பசுவின் கொம்புக்கும் எட்டும் தாழ்வில் தொங்கியது. ஒலியைக் கேட்பதற்கு ஒரு செவி இருந்தது. கேட்டபின் முறை செய்யும் ஆற்றலும் அச்செவிக்கு உரியவனிடம் இருந்தது. இந்நான்கனுள் ஒன்று குறைந்திருப்பினும் அப்பசுவின் கண்ணீர் தெருவிலேயே உலர்ந்திருக்கும்.

சட்டம் என்பது மணி மட்டுமே. சட்டம் இயற்றப்பட்ட நாளை நீதி பிறந்த நாளாகக் கொண்டாடுகிறோம். பிறந்த சட்டம் எவ்வழி நடந்தது, எங்கே தடுக்கி விழுந்தது, எவர் தூக்கி நிறுத்தினார் என்பனவற்றை எண்ணிப் பார்ப்பதில்லை. நிறம், இனம், சமயம், பால், பிறந்த நாடு ஆகியவற்றைக் காரணமாகக் கொண்டு எவரையும் பணியிடத்தில் ஒதுக்கலாகாது என அமெரிக்க ஐக்கிய நாடு 1964-ஆம் ஆண்டு ஒரு சட்டம் இயற்றிற்று. அச்சட்டத்தை நடைமுறைப்படுத்திய வரலாறு இவ்வகையில் நாம் ஆழ்ந்து கற்கத்தக்கது. எழுத்தைக் காட்டிலும் அதனை நடத்தும் கையின் வலிமையே எளியோர்க்குத் துணை என்பதும், எழுத்து அழியாதிருக்கும்போதே சட்டம் அழிந்துபோதல் கூடும் என்பதும் அவ்வரலாறு நமக்கு உணர்த்தும் உண்மைகளாம்.

முதல் முயற்சி

இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம். அமெரிக்காவின் படைக்கருவித் தொழிற்சாலைகள் இரவு பகலாக இயங்கத் தொடங்கின. ஆட்கள் வேண்டும் என்று எங்கும் கூவி அழைத்தனர். ஆயினும் கறுப்பின மக்களுக்கு அவ்வாயில்கள் பெரும்பாலும் அடைத்தே கிடந்தன. திறந்த இடங்களிலும் பெருக்கும் பணியே அவர்களுக்கு வாய்த்தது. இரயில் வண்டிகளின் படுக்கைப் பெட்டிகளில் பணிபுரிந்தோரின் சங்கத் தலைவர் ஏ. பிலிப் ராண்டால்ஃப், நீதி கிடைக்காவிடின் 1941 ஜூலை முதல் நாள் தலைநகர் வாஷிங்டனை நோக்கிப் பெரும்பேரணி நடத்துவோம் என்று அறிவித்தார். பேரணிக்குச் சில நாட்களே இருந்தபோது, ஜூன் 25-ஆம் நாள், குடியரசுத் தலைவர் ரூசுவெல்ட் ஓர் ஆணையில் கையெழுத்திட்டார். போர்த்தொழில்களில் இன, நிற, சமய வேறுபாடு காட்டலாகாது என அவ்வாணை விதித்தது. கண்காணிப்பதற்கு ஒரு குழுவும் அமைந்தது.

அக்குழு குறைகளைக் கேட்டது, ஊர் ஊராகச் சென்று விசாரணை நடத்தியது, கண்டவற்றை வெளியிட்டது. ஆனால் தவறு செய்த முதலாளியைத் தண்டிக்கும் உரிமை அதற்கு இல்லை. போர் முடிந்ததும் தென்மாநில உறுப்பினர்களின் எதிர்ப்பினால் நாடாளுமன்றம் அதற்குரிய நிதியை நிறுத்திற்று. 1946-இல் குழு மறைந்தது. ஓர் அறத்தை நேர் நின்று எதிர்க்க நாணுவோர், அதன் உணவை நிறுத்திக் கொல்வர் என்பதற்கு இது முதற்சான்றாயிற்று.

பல்லில்லாத ஆணையம்

பின்னர்ப் பதினெட்டு ஆண்டுகள் கழிந்தன. தென்மாநிலத் தெருக்களில் நடந்த அறப்போராட்டங்கள் நாட்டின் மனச்சான்றை உலுக்கின. 1964 ஜூலை 2-ஆம் நாள் குடியரசுத் தலைவர் ஜான்சன் குடிமை உரிமைச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அதன் ஏழாம் பகுதியே பணியிடப் பாகுபாட்டைத் தடை செய்வது. அதனை நடத்துதற்கு ஐவர் அடங்கிய சமவேலைவாய்ப்பு ஆணையம் ஒன்றும் வகுக்கப்பட்டது.

இச்சட்டம் பெற்றதை நாம் அறிவோம்; அதற்காக இழந்ததை அறிந்தோர் சிலரே. சட்டத்தை எதிர்த்த செனட் உறுப்பினர்கள் மாறி மாறிப் பேசிப் பேசியே இரண்டு மாதங்களுக்கு மேல் வாக்கெடுப்பைத் தடுத்தனர். அத்தடையை உடைக்கக் குடியரசுக் கட்சித் தலைவர் டர்க்சனின் துணை வேண்டியிருந்தது. அவருடன் செய்துகொண்ட உடன்பாட்டின் விலையாக, முதலாளிகள் மீது வழக்குத் தொடரும் உரிமை ஆணையத்தினிடமிருந்து பறிக்கப்பட்டது. மனுவை வாங்கலாம், விசாரிக்கலாம், இரு தரப்பாரையும் அழைத்துச் சமரசம் பேசலாம். முதலாளி இணங்காவிடின் ஆணையம் கைகட்டி நிற்கவேண்டியதே. பாதிக்கப்பட்ட தொழிலாளியே வழக்கறிஞரைத் தேடி நீதிமன்றம் ஏறவேண்டும். வேலையிழந்து நிற்பவனிடம் வழக்குச் செலவையும் சுமத்திய இந்த ஏற்பாட்டை, மணியைக் கட்டிவிட்டு மன்னனைச் சங்கிலியால் பிணித்த கதை என்பதல்லால் வேறென் சொல்வது?

1965 ஜூலை 2-இல் ஆணையம் கதவைத் திறந்தது. முதலாண்டில் ஏறத்தாழ 2,000 மனுக்கள் வரக்கூடும் என்று எதிர்பார்த்தனர். வந்தவையோ 8,852. அவற்றுள் மூன்றில் ஒரு பங்கு அளவு பெண்கள், தாம் பெண்ணாய்ப் பிறந்த காரணத்தால் ஒதுக்கப்பட்டதாகக் கூறியவை. இஃது ஆணையத்தார் எவரும் எதிர்பாராதது. அக்காலச் செய்தித்தாள்களில் வேலைவாய்ப்பு விளம்பரங்கள் 'ஆண்கள் தேவை', 'பெண்கள் தேவை' என இரு பத்திகளாகப் பிரிந்து வெளிவந்தன. நல்ல ஊதியம் முதற்பத்தியிலேயே இருந்தது. சட்டம் வந்த பின்னரும் ஆணையம் அப்பிரிவினையைத் தொடக்கத்தில் பொறுத்துக்கொண்டது. 1966-இல் பெண்கள் தமக்கெனத் தேசிய அமைப்பொன்றைத் தோற்றுவித்துக் குரல் எழுப்பிய பின்னரே, 1968-இல் அது தன் நிலையை மாற்றிக்கொண்டது. சட்டத்தை நடத்துவோரையும் நடத்துதற்கு மக்கள் வேண்டும் என்பதை இதனால் அறிகிறோம்.

நரியும் கொக்கும்

பல்லில்லாத ஆணையத்தின் காலத்திலும் ஒரு பெருவெற்றி விளைந்தது. அது வட கரோலினா மாநிலத்தில் டியூக் என்னும் மின் நிறுவனத்தின் அனல் மின்நிலையத்தில் தொடங்கியது.

அங்குப் பணிபுரிந்த 95 பேருள் 14 பேர் கறுப்பினத்தவர். ஐந்து பிரிவுகளைக் கொண்ட அந்நிலையத்தில் கூலிப் பிரிவு ஒன்றே அவர்களுக்கு உரியதாயிருந்தது. அப்பிரிவில் மிக உயர்ந்த ஊதியம் பெற்றவனும், ஏனைய நான்கு பிரிவுகளில் மிகத் தாழ்ந்த ஊதியம் பெற்றவனுக்குக் கீழேயே நின்றான். புதிய சட்டம் நடைமுறைக்கு வந்த 1965 ஜூலை 2-ஆம் நாள், நிறுவனம் நிறத்தடையை விலக்கிக்கொண்டு, அதே நாளில் புதியதொரு விதியை வகுத்தது. ஏனைய பிரிவுகளில் புதிதாகச் சேர விரும்புவோர் உயர்நிலைப்பள்ளிச் சான்றிதழ் வைத்திருப்பதோடு இரண்டு அறிவுத் தேர்வுகளிலும் தேறவேண்டும் என்பதே அது. நாடு முழுவதும் உயர்நிலைப்பள்ளி முடித்தோருள் ஏறத்தாழப் பாதிப்பேர் தவறிவிடும் அளவில் தேர்ச்சி மதிப்பெண் அமைந்திருந்தது. விதியில் நிறம் என்ற சொல்லே இல்லை. ஆனால் 1960-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, அம்மாநில வெள்ளை ஆடவருள் நூற்றுக்கு 34 பேரும், கறுப்பின ஆடவருள் நூற்றுக்கு 12 பேருமே உயர்நிலைப்பள்ளிக் கல்வியை முடித்திருந்தனர். தனித்தனிப் பள்ளிகளில் தாழ்ந்த கல்வியைக் கொடுத்துவிட்டு, பிறகு கல்வி இல்லை என்று கதவடைத்தனர். விந்தை யாதெனின், சான்றிதழ் இன்றி முன்பே அப்பிரிவுகளில் சேர்ந்திருந்த வெள்ளையர் யாதொரு குறையுமின்றிப் பணி செய்து வந்தனர். பதவி உயர்வும் பெற்றனர்.

கறுப்பினத் தொழிலாளர் பதின்மூவர் வழக்குத் தொடுத்தனர். கிரிக்ஸ் வழக்கு எனப் பெயர் பெற்ற அதில், 1971 மார்ச் 8-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. தலைமை நீதிபதி பர்கர் அத்தீர்ப்பில் நரியும் கொக்கும் பற்றிய பழங்கதையை நினைவூட்டினார். தட்டையான தட்டில் பாலை ஊற்றி இருவரையும் உண்ண அழைப்பது சமவாய்ப்பு ஆகாது. உண்ணும் வாயின் வடிவையும் கருதவேண்டும் என்பது அவர் கருத்து. ஒரு விதி தோற்றத்தில் நடுநிலை உடையதாயினும், அதன் விளைவு ஒரு பிரிவினரை ஒதுக்குமாயின், அவ்விதி அப்பணிக்கு உண்மையாகவே வேண்டப்படுவது என்பதை முதலாளியே மெய்ப்பிக்கவேண்டும் என்று நீதிமன்றம் வகுத்தது. ஆணையம் வெளியிட்டிருந்த வழிகாட்டு நெறிகளுக்கு நீதிமன்றம் பெருமதிப்புத் தந்ததும் ஈண்டு நோக்கத்தக்கது. வாளில்லாதவன் கையிலிருந்த எழுதுகோல் அன்று வாளின் பணியைச் செய்தது.

இவ்வழக்கில் மற்றொரு சிறு செய்தியும் உண்டு. கூலிப் பிரிவைத் தாண்டி வேறு பிரிவில் முதன்முதலாக ஒரு கறுப்பினத் தொழிலாளி அமர்த்தப்பட்டது 1966 ஆகஸ்டில். அவர் 1953 முதல் அந்நிறுவனத்தில் பணியாற்றியவர்; சான்றிதழும் வைத்திருந்தவர். பதின்மூன்று ஆண்டுகள் கண்ணுக்குத் தெரியாத அவருடைய தகுதி, ஆணையத்திடம் மனுக் கொடுத்த ஐந்தாம் மாதத்தில் திடீரெனத் தெரிந்துவிட்டது! தகுதியைக் காணும் கண்ணொளியைச் சட்டமும் கொடுக்கும் போலும்.

கைக்கு வந்த வாள்

வழக்குத் தொடரும் உரிமை இல்லாத அந்நாளிலேயே ஆணையம் மற்றொரு வழியையும் கண்டுபிடித்தது. ஏ.டி. அண்டு டி. என்னும் தொலைபேசி நிறுவனம் அந்நாட்டின் மிகப்பெரும் தனியார் முதலாளி. பெண்கள் அழைப்பு இணைக்கும் பலகையின் முன்னும், ஆண்கள் உயர்ஊதியத் தொழில்நுட்பப் பணிகளிலும் எனப் பிரிந்து கிடந்த நிறுவனம் அது. அந்நிறுவனம் கட்டண உயர்வு வேண்டித் தகவல் தொடர்பு ஆணையத்தை நாடியபோது, 1970 டிசம்பரில் சமவேலைவாய்ப்பு ஆணையம் அங்குச் சென்று, பாகுபாடு காட்டும் நிறுவனத்திற்குக் கட்டண உயர்வு தரலாகாது என்று வாதிட்டது. நேர்வாயில் அடைபட்டவன் புழக்கடை வழியே புகுந்து நீதி கேட்ட செயல் இது.

1972 மார்ச் 24-ஆம் நாள் சட்டம் திருத்தப்பட்டது. தனியார் நிறுவனங்கள் மீது தன் பெயரிலேயே வழக்குத் தொடரும் உரிமை ஆணையத்திற்குக் கிடைத்தது. மாநில, உள்ளாட்சி அரசுகளும் கல்வி நிறுவனங்களும் சட்டத்தின் வரம்பிற்குள் வந்தன. 25 பணியாளர் உள்ள நிறுவனங்களையே தொட்ட சட்டம், 15 பேர் உள்ளவற்றையும் தொட்டது. அடுத்த ஆண்டு ஜனவரியில் ஏ.டி. அண்டு டி. நிறுவனம் உடன்பாட்டிற்கு வந்து, ஏறத்தாழ 15,000 பணியாளர்களுக்கு ஒன்றரைக் கோடி டாலர் நிலுவை ஊதியம் தர ஒப்புக்கொண்டது. அவர்களுள் பெரும்பாலோர் பெண்கள். எட்டாண்டுகளாக இருந்த அதே சட்டந்தான். மாறியது ஒன்றே: ஆணையம் பேசியபோது நிறுவனங்கள் செவிசாய்க்கத் தொடங்கின.

எழுத்து மாறாமல் மாறும் சட்டம்

எனினும் வெற்றிக்குப் பின் வேறொரு நோய் தோன்றியது. மனுக்கள் மலையெனக் குவிந்தன. 1970-களின் நடுப்பகுதியில் தீராத மனுக்கள் ஓர் இலட்சத்தைத் தாண்டின. வேலையிழந்தவன் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தான்; சாட்சிகள் ஊர் மாறினர்; நினைவுகள் மங்கின. 1977-இல் தலைமையேற்ற எலினார் ஹோம்ஸ் நார்ட்டன் அம்மையார், விரைந்து விசாரித்து முடிக்கும் முறையைப் புகுத்தித் தேக்கத்தைப் பெரிதும் குறைத்தார். 1982 முதல் 1990 வரை கிளாரன்ஸ் தாமஸ் தலைவராய் இருந்த காலத்தில் காற்று வேறு திசையில் வீசிற்று. ஒரு நிறுவனத்தின் நடைமுறை முழுவதையும் எதிர்க்கும் பெருவழக்குகளினின்று தனிமனிதர் வழக்குகளுக்கு ஆணையத்தின் நாட்டம் திரும்பியது. சட்டத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை என்பதை நாம் மறத்தலாகாது.

1989-இல் உச்ச நீதிமன்றமே கிரிக்ஸ் தீர்ப்பின் வலிமையைக் குறைத்து, மெய்ப்பிக்கும் சுமையைத் தொழிலாளியின் தோளுக்கு மாற்றியது. நாடாளுமன்றம் 1991-இல் புதிய சட்டம் இயற்றி அச்சுமையை மீண்டும் முதலாளியின் மேல் வைத்தது. வேண்டுமென்றே பாகுபாடு காட்டியதாகத் தொடுக்கப்படும் வழக்குகளில் ஜூரி விசாரணைக்கும் இழப்பீட்டிற்கும் வழி செய்தது. ஆனால் நிறுவனத்தின் அளவிற்கேற்ப 50,000 டாலர் முதல் 3,00,000 டாலர் வரை என இழப்பீட்டிற்கு உச்சவரம்பும் விதித்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக விலைவாசி உயர்ந்தும் அவ்வரம்பு உயரவே இல்லை. உயர்த்தப்படாத வரம்பும் ஒருவகைத் திருத்தமே அன்றோ?

நூற்றெண்பது நாட்கள்

மணி தொங்கும் உயரம் பற்றி முன்னர்க் குறிப்பிட்டோம். அதனை விளக்க லில்லி லெட்பெட்டர் அம்மையாரின் வழக்கைக் காட்டிலும் சிறந்த சான்று கிடையாது.

அலபாமா மாநிலத்தில் குட்இயர் டயர் ஆலையில் 1979 முதல் 1998 வரை மேற்பார்வையாளராகப் பணிபுரிந்தவர் அவர். ஒத்த பணியிலிருந்த ஆடவர் என்ன ஊதியம் பெறுகின்றனர் என்பதை அவர் அறியார். ஊதியத்தைப் பற்றி உரையாடுதல் அங்கு விரும்பப்படாத ஒன்று. பணியின் இறுதிக் காலத்தில் எவரோ பெயர் குறிப்பிடாது எழுதிவைத்த ஒரு சிறு துண்டுத்தாள் அவருக்கு உண்மையைச் சொல்லிற்று. 1997-இன் முடிவில் அவர் மாதம் 3,727 டாலர் பெற்றார். அதே பணியிலிருந்த ஆடவருள் மிகக் குறைந்தவர் 4,286 டாலரும், மிகுந்தவர் 5,236 டாலரும் பெற்றனர். ஜூரிகள் அவர் பக்கமே தீர்ப்பளித்தனர். உச்ச நீதிமன்றமோ 2007-இல் ஐவருக்கு நால்வர் என்ற பெரும்பான்மையில், ஊதியம் குறைவாக முடிவு செய்யப்பட்ட நாளிலிருந்து 180 நாட்களுக்குள் மனுக் கொடுத்திருக்கவேண்டும் என்று கூறி வழக்கைத் தள்ளியது. அறியாத அநீதிக்கு எவ்வாறு மனுக் கொடுப்பது? நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க் தம் மாறுபட்ட கருத்தை நீதிமன்றத்திலேயே வாய்விட்டுப் படித்து, பிழையைத் திருத்தும் பொறுப்பை நாடாளுமன்றத்திடம் ஒப்படைத்தார்.

2009 ஜனவரி 29-ஆம் நாள், குறைந்த ஊதியம் வழங்கப்படும் ஒவ்வொரு முறையும் கெடு புதிதாகத் தொடங்கும் என்னும் சட்டம் அவ்வம்மையார் பெயராலேயே நிறைவேறியது. பதவியேற்ற ஒபாமா முதன்முதலாகக் கையெழுத்திட்ட சட்டம் அதுவே. லெட்பெட்டர் அம்மையாருக்கோ ஒரு டாலரும் கிட்டவில்லை. 2024-இல் அவர் மறைந்தார். தமக்குக் கிட்டாத நிழலுக்காக மரம் நட்டவர் வரிசையில் அவர் பெயரையும் நாம் எழுதவேண்டும்.

தலைத்துணியும் ஒரு வேலையும்

அடுத்து நாம் கூறவிருப்பது, இம்மலரைப் படிக்கும் மாணவியர் பலரது நெஞ்சைத் தொடும் வழக்கு. 2008-இல் ஓக்லஹோமா மாநிலத்தின் டல்சா நகரில் பதினேழு வயது முஸ்லிம் பெண் ஒருவர், ஆபர்கிராம்பி அண்டு ஃபிட்ச் என்னும் ஆடை நிறுவனத்தின் கடையில் விற்பனைப் பணிக்கு விண்ணப்பித்தார். நேர்முகத் தேர்வுக்குத் தலைத்துணி அணிந்தே சென்றார். தேர்வு நடத்திய துணைமேலாளர் அவரைத் தகுதியுடையவர் என்றே மதிப்பிட்டார். ஆனால் பணியாளர் தலையில் எதுவும் அணியலாகாது என்பது நிறுவனத்தின் தோற்ற விதி. இது சமயம் பற்றி அணிந்ததாகத் தெரிகிறது என்று துணைமேலாளர் எடுத்துரைத்தும், மேலதிகாரி வேலை தரவேண்டா என்று பணித்தார்.

அப்பெண் தனியே வழக்காடவில்லை. ஆணையமே வழக்கின் வாதியாக நின்றது. கீழமை நீதிமன்றத்தில் 20,000 டாலர் இழப்பீடு கிட்டியது. மேல்முறையீட்டில் அத்தீர்ப்பு கவிழ்ந்தது. சலுகை வேண்டும் என்று அவர் வாய்விட்டுக் கேட்கவில்லையே என்பது நிறுவனத்தின் வாதம். 2015 ஜூன் முதல் நாள் உச்ச நீதிமன்றம் எண்மருக்கு ஒருவர் என்ற பெரும்பான்மையில் ஆணையத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. விண்ணப்பித்தவர் சொன்னாரா இல்லையா என்பதன்று வினா. அவருடைய சமய ஒழுக்கத்திற்கு இடங்கொடுப்பதைத் தவிர்ப்பது வேலை மறுப்பிற்கு ஒரு காரணமாய் இருந்ததா என்பதே வினா என்று நீதிபதி ஸ்காலியா எழுதினார்.

இதனை ஒரு சமயத்தாரின் வெற்றியாகக் காணுதல் குறுகிய நோக்காகும். ஞாயிற்றுக்கிழமை பணிபுரிய இயலாது என்ற கிறித்தவ அஞ்சல் பணியாளர் ஒருவரின் வழக்கில் 2023-இல் அதே நீதிமன்றம், சிறு இடையூறு நேரும் என்று காட்டிச் சமய ஒழுக்கத்திற்கு இடங்கொடுக்க மறுத்தல் ஆகாது, பெருஞ்சுமையை மெய்ப்பிக்கவேண்டும் என்று ஒருமனதாகக் கூறிற்று. கறுப்பினத்தார் போராடிப் பெற்ற சட்டத்தின் நிழலில் முஸ்லிம் பெண்ணும் கிறித்தவ ஆணும் ஒதுங்கினர். ஒருவர்க்கென வெட்டிய கிணற்றில் ஊரார் அனைவரும் நீர் மொள்வது அறத்தின் இயல்பு. எனவே பிறருடைய உரிமைக்காக எழுப்பப்படும் குரலை, நம்முடையதன்று என எவரும் ஒதுக்கலாகாது என்பது நம் உறுதியான கருத்து.

மறுப்போர்க்கு விடை

இத்தகைய சட்டங்களால் தகுதி கெடும் என்பர் சிலர். கிரிக்ஸ் தீர்ப்பு தேர்வுகளைத் தடை செய்யவில்லை. மின்நிலையத்தில் நிலக்கரி அள்ளுவோனை, அப்பணியோடு தொடர்பில்லாத தேர்வினால் அளக்கலாகாது என்றே கூறியது. தகுதியை உண்மையாக அளக்கவேண்டும் என்பது தகுதிக்குப் பகையாமோ?

பொய் மனுக்கள் பெருகும் என்பர் வேறு சிலர். அந்நாட்டு ஆணையத்திற்கு வரும் மனுக்களுள் பாதிக்கு மேற்பட்டவை, போதிய சான்று இல்லை என்றே முடித்துவைக்கப்படுகின்றன. மனுவே தீர்ப்பாகிவிடாது, விசாரணை இருபாலாருக்கும் காப்பு. அஞ்சத்தக்கது மற்றொன்று உண்டு. ஆணையத்திடம் அண்மை ஆண்டுகளில் மிகுதியாகக் கூறப்படும் குறை நிறம் பற்றியதும் அன்று, பால் பற்றியதும் அன்று. மனுக் கொடுத்தமைக்காகப் பழிவாங்கப்பட்டோம் என்பதே அது. மணியடித்த பசுவையே அடிக்கும் கைகள் இன்னும் ஓயவில்லை.

உள்ளம் மாறாமல் சட்டத்தால் என்ன பயன் என்பது மூன்றாவது வினா. இதனை நல்லோரும் எழுப்புவதால் நாம் பொறுமையுடன் விடை கூறவேண்டும். தென் கரோலினா மாநிலத்தின் நெசவாலைகளில் வெள்ளையரும் கறுப்பினத்தவரும் ஓரறையில் பணிபுரிதலையே 1915-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்திருந்தது. அரை நூற்றாண்டு காலம் அவ்வாலைகளில் கறுப்பினத்தவர் மிகச் சிலரே. 1965-க்குப் பின் சில ஆண்டுகளிலேயே அவர்கள் பெருந்தொகையினராய் உள்ளே நுழைந்தனர். பொருளியல் அறிஞர்கள் ஹெக்மனும் பேனரும் 1989-இல் வெளியிட்ட ஆய்வில், இம்மாற்றத்தில் கூட்டரசின் நடவடிக்கைகளுக்குப் பெரும்பங்கு உண்டு எனக் காட்டினர். ஐம்பது ஆண்டுகள் மாறாத உள்ளங்கள் ஐந்தாறு ஆண்டுகளில் ஒருங்கே மாறினவா? இல்லை. கைகள் முதலில் மாறின. ஒரே தறிக்கூடத்தில் தோளுரசிப் பணிபுரிந்தபின் உள்ளங்கள் மாறுதற்கு வாய்ப்பும் தோன்றிற்று. உள்ளம் மாறும்வரை காத்திரு என்று பசித்தவனிடம் கூறுதல் எளிது; கூறுவோன் பசித்தவன் அல்லன்.

இன்றைய நிலை

இவ்வரலாறு முடிந்துவிடவில்லை. அரசின் ஒப்பந்தக்காரர்கள் பாகுபாடின்றி வேலை தரவேண்டும் என ஜான்சன் 1965-இல் பிறப்பித்த ஆணை, அறுபதாம் ஆண்டில், 2025 ஜனவரியில் விலக்கிக்கொள்ளப்பட்டது. அம்மாதமே ஆணைய உறுப்பினர் இருவர் நீக்கப்பட்டமையால், முக்கிய முடிவுகளை எடுப்பதற்கு வேண்டிய உறுப்பினர் எண்ணிக்கையின்றி ஆணையம் பல மாதங்கள் நின்றது. கிரிக்ஸ் தீர்ப்பு வகுத்த விளைவுவழிப் பாகுபாட்டு நெறியைச் செயற்படுத்துவதில் அரசுத் துறைகள் முனைப்புக் காட்டவேண்டா என்று 2025 ஏப்ரலில் மற்றோர் ஆணை பிறந்தது. 1964-ஆம் ஆண்டுச் சட்டத்தின் எழுத்துகள் ஏட்டில் அப்படியே உள்ளன. நரிக்கும் கொக்குக்கும் ஒரே தட்டு வைப்போரைக் கேட்பதற்கு இனி எவர் வருவார் என்பதே வினா.

எண்களும் ஒன்றைக் கூறுகின்றன. 2024 நிதியாண்டில் ஆணையத்திற்கு வந்த புதிய மனுக்கள் 88,531. அவ்வாண்டில் ஆணையம் தொடுத்த வழக்குகளோ ஏறத்தாழ 110. சமரசத்தால் தீர்ந்தவை பல உண்டு என்பது உண்மையே. ஆயினும் அறுபது ஆண்டுகளுக்குப் பின்னும் பெரும்பாலோர் தம் வழக்கைத் தாமே சுமந்து நடக்கின்றனர் என்பதும் உண்மையே.

இவற்றால் நாம் கொள்ளவேண்டிய பாடம் யாது? ஒரு சட்டத்தின் தரத்தை அதன் முகவுரையின் அழகைக் கொண்டு அளத்தல் கூடாது. நான்கு வினாக்களால் அளக்கவேண்டும். வலியற்றவன் தன் வேலையை இழவாமல் அதனை நாட முடியுமா? அதற்குரிய காலம் அவன் உண்மையை அறிந்துகொள்ளப் போதுமா? கேட்கும் அமைப்பிற்கு நிதியும் ஆளும் உண்டா? கேட்டபின் வல்லவனைப் பணியவைக்கும் உரிமை அதற்கு உண்டா? இவற்றுள் ஒன்றுக்கேனும் இல்லை என்பது விடையாயின், அச்சட்டம் சுவரில் தீட்டிய மணியின் ஓவியமே ஆகும்.

இவ்வாண்டு கல்லூரியை விட்டு வெளியேறும் மாணவர்களிடம் ஒன்று கூற விழைகிறோம். உங்களுள் பலர் நாளை வேலை கேட்டு நேர்முகத் தேர்வறையின் வெளியே அமர்வீர்கள். நியாயமற்ற மறுப்பின் வலியை அன்று உங்களுள் சிலர் அறியக்கூடும். ஆண்டுகள் சில சென்றபின் அதே அறையின் உள்ளே, மேசையின் மறுபுறத்தில், தேர்வு செய்வோராக அமர்வீர்கள். வெளியே இருந்தபோது கேட்ட நீதியை உள்ளே இருக்கும்போது வழங்குகிறீர்களா என்பதே உங்கள் கல்விக்கு உண்மையான தேர்வு. எதிரில் நிற்பவரின் பெயர், ஊர், உடை, உடற்குறை, பால் ஆகியவற்றைக் கண்டு உங்கள் எழுதுகோல் ஒரு நொடி தயங்குமாயின், டல்சா நகரத்தில் விண்ணப்பித்து நின்ற அப்பதினேழு வயதுப் பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு நீதி கிடைக்க ஏழாண்டுகளும் ஒரு பேரரசின் உச்ச நீதிமன்றமும் வேண்டியிருந்தன. அன்று அம்மேலதிகாரி நேர்மையாக நடந்திருப்பின் ஒரு நொடியே போதுமாயிருந்தது.